கடல் முன்னறிவிப்பைக் கடற்படையினர் போலப் படிப்பது எப்படி?

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கடற்படைத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் பாடம் கேட்க வருகிறார்கள். பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய வீடுகள் நிறைந்த ஊர்களில் வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய முன்னோர் கொண்டுவிற்பதற்காகக் கடந்த வங்கக் கடலின் முன்னறிவிப்பு இன்று அவர்கள் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. ஆனால் அதை வைத்து ஒரு கப்பலின் வேலையை எப்படித் தீர்மானிப்பது என்று சொல்லித் தருவார் குறைவு. கடற்படையின் வானிலைப் பிரிவில் பணியாற்றி ஊர் திரும்பியவன் என்ற முறையில் அந்த வழிமுறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தாளில் எழுத வேண்டியது, கப்பல் நாளை என்ன செய்யப் போகிறது என்பதைத்தான். கடல் எப்படி இருக்கும் என்பது அதற்கு அடுத்த கேள்வி. விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலிருந்து விமானம் எழும்ப எதிர்க்காற்று வேண்டும். காற்றே இல்லாத நாளில் கப்பல் தன் வேகத்தால் அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். சில பத்து மீட்டர் இடைவெளியில் இணையாக ஓடியபடி ஒரு கப்பலிலிருந்து மற்றொன்றுக்கு எரிபொருள் ஏற்றும்போது காற்றைவிட அலைதான் பெரிய கவலை. நீர்மூழ்கியைத் தேடுபவருக்கோ மேற்பரப்பைவிட அடியிலுள்ள நீரின் வெப்பநிலை முக்கியம். இரண்டாம் உலகப் போரில் 1944 ஜூன் 5 அன்று பிரான்ஸ் கரையில் நடக்கவிருந்த நார்மண்டித் தரையிறக்கம், ஜேம்ஸ் ஸ்டாக் தலைமையிலான வானிலையாளர்களின் எச்சரிக்கையால் ஒரு நாள் தள்ளிப்போனது. அங்கே காற்று, மேகம், நிலவொளி, ஓதம் ஆகிய நான்கும் ஒருசேர ஒத்துவர வேண்டியிருந்தது.

அடுத்ததாக நேரத்தையும் அலகையும் சரிபாருங்கள். வானிலை வரைபடங்களில் பெரும்பாலும் உலகப் பொது நேரமே இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. பணியில் சேர்ந்த புதிதில் நான் 06 மணி என்றிருந்ததை நம்மூர்க் காலை ஆறு மணி என்றெண்ணி அறிக்கை எழுதிவிட்டேன். அது நண்பகலை நெருங்கும் பதினொன்றரை மணி. மேலதிகாரி அதைக் கண்டு திருத்தியதால் பிழைத்தேன். அன்றிலிருந்து இரண்டு நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். காற்றின் வேகம் நாட் கணக்கில் தரப்படும். ஒரு நாட் மணிக்கு 1.852 கிலோமீட்டர். காற்றை அது வரும் திசையாலும் நீரோட்டத்தை அது போகும் திசையாலும் குறிப்பார்கள். வடக்கிலிருந்து வருவதை வாடை என்று அழைக்கும் நமக்கு முதலாவது இயல்பாக வரும். இரண்டாவதில் கவனம் வேண்டும்.

அலைக்கு வருவோம். ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் கடல்நிலை முன்னறிவிப்பில் தரும் அலை உயரம், வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. ஆகவே 2 மீட்டர் என்று இருந்தால், அதே கடலில் இடையிடையே 4 மீட்டரை நெருங்கும் அலையும் எழலாம் என்று படிக்க வேண்டும். உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவதுதான் புதியவர்கள் செய்யும் பெரும்பிழை. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட வினாடிகளையும் பாருங்கள். அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, மீண்டும் 1.56 ஆல் பெருக்கினால் ஆழ்கடலில் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 4 வினாடி அலையின் நீளம் ஏறத்தாழ 25 மீட்டர்; 12 வினாடி அலையின் நீளம் 225 மீட்டர். இரண்டும் ஒன்றரை மீட்டர் உயரமே என்றாலும், சிறு ரோந்துப் படகு இரண்டாவது அலையில் மெல்ல ஏறி இறங்கும், முதல் அலையிலோ முகப்பு அடிபட்டுத் திணறும். பெரிய கப்பலுக்குக் கணக்கு மாறும். அது தானாகப் பக்கவாட்டில் உருளும் கால அளவோடு அலை வந்து மோதும் கால அளவு ஒத்துப்போனால் உருளல் வளர்ந்துகொண்டே போகும். அப்போது திசையையோ வேகத்தையோ மாற்றச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

இதைப் பழக, தேவகோட்டையிலிருந்து பேருந்தேறித் தொண்டிக்குப் போங்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை அங்கேதான் இயங்குகிறது. கரையில் நின்று, நங்கூரமிட்ட ஒரு வள்ளத்தைப் பார்த்துக்கொண்டு, அது மேலெழும் ஒரு கணத்தில் கடிகாரத்தை ஓட விடுங்கள். அதன்பின் பத்து முறை எழும்பியதும் நிறுத்தி, வினாடிகளைப் பத்தால் வகுங்கள். வந்த எண்ணை முன்னறிவிப்போடு ஒப்பிட்டு நோட்டில் எழுதுங்கள். பாக் நீரிணை ஆழம் குறைந்தது என்பதால் அங்கே அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் இருக்கும். மேலே சொன்ன சூத்திரம் அங்கு அப்படியே பொருந்தாது. ஆனால் கண்ணுக்குப் பயிற்சி அங்கேதான் கிடைக்கும்.

நீருக்கு அடியில் உள்ளதுதான் இந்தத் தொழிலின் அழகான பகுதி என்பது என் எண்ணம். கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில் போகும். வெப்பம், உப்பு, அழுத்தம் மூன்றும் கூடக் கூட அந்த வேகமும் கூடும். ஒலி எப்போதும் வேகம் குறைந்த நீரை நோக்கி வளையும். மேலே கதகதப்பான அடுக்கும் அதற்குக் கீழே சட்டென்று குளிரும் நீரும் இருந்தால், ஒலியை அனுப்பி நீருக்கடியில் உள்ளதைக் கண்டறியும் சோனார் கருவியின் ஒலி கீழ்நோக்கி வளைந்து, சற்றுத் தொலைவில் எதுவும் கேட்காத நிழற்பகுதி ஒன்று உருவாகும். நீர்மூழ்கி ஒளிந்துகொள்ள விரும்புவது அங்கேதான். 1930களில் அமெரிக்கக் கப்பல்களின் சோனார் காலையில் நன்றாகக் கேட்டுப் பிற்பகலில் மங்கியதற்கு, வெயிலில் மேல்நீர் சூடேறியதே காரணம் என்று கண்டறிந்தார்கள்.

இதை அளக்க, ஓடும் கப்பலிலிருந்து சிறு குண்டு போன்ற கருவி ஒன்றைக் கடலில் போடுவோம். முடியளவு மெல்லிய செப்புக் கம்பி சுருளிலிருந்து சத்தமின்றிப் பிரிந்துகொண்டே போகும். திரையில் வெப்பநிலைக் கோடு மேலிருந்து கீழாக வரையப்படும். சில நூறு மீட்டர் இறங்கியதும் கம்பி அறுந்துவிடும், கருவி திரும்பி வராது. அந்தக் கோடு எந்த ஆழத்தில் மடங்குகிறது என்பதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். வங்கக் கடலில் கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொண்டுவந்து கொட்டும் நன்னீரால் மேலடுக்கில் உப்புக் குறைவு என்பதையும் மறக்கக் கூடாது. அரபிக் கடலின் கணக்கை இங்கே பெயர்த்து வைத்தால் தவறும்.

புயல் என்றால், அது போகும் பாதையாக வரைபடத்தில் காட்டும் மையக் கோட்டை மட்டும் நம்பிப் படிக்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா வந்தபோது, கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரை கடக்கும் என்று வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. 16ஆம் தேதி அதிகாலையில் அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடந்து, புதுக்கோட்டை மாவட்டத்தில் மரங்களைச் சாய்த்ததை நாம் அருகிலிருந்தே பார்த்தோம். அறிவிப்பில் சொன்ன அகலம் முழுவதையும் ஆபத்துப் பகுதியாகக் கொள்வதே கடற்படை முறை. மாலுமிகளிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: ஒரு நாள் முன்கணிப்பில் 100 கடல்மைல், இரண்டு நாளில் 200, மூன்று நாளில் 300 என்று பிழைக்கு இடம் விட்டு, பலத்த காற்று வீசும் வட்டத்தை அதற்கேற்ப விரித்து, அதற்குள் கப்பலை விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் அரைக்கோளத்தில் புயல் நகரும் திசைக்கு வலப்பக்கம் மிகக் கொடியது. சுழலும் காற்றோடு நகரும் வேகமும் அங்கே சேர்ந்துகொள்கிறது. கருவி எதுவும் இல்லையென்றால் காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், தாழ்வு மண்டலம் உங்கள் இடப்பக்கம் இருக்கும். துறைமுகத்தில் கட்டிய கப்பல் சுவரில் மோதி உடையும் என்பதால், போர்க்கப்பல்கள் புயலுக்கு முன்பே திறந்த கடலுக்குப் புறப்படுவதும் உண்டு. அந்த முடிவுக்கு மாலுமிகளைத் திரட்டவும் இயந்திரத்தைத் தயார் செய்யவும் நேரம் வேண்டும், ஆகையால் உங்கள் எச்சரிக்கை முன்கூட்டியே போயாக வேண்டும்.

1944 டிசம்பர் 18 அன்று பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே அமெரிக்கத் தளபதி ஹால்சியின் கடற்படைத் தொகுதி சூறாவளிக்குள் சிக்கி மூன்று நாசகாரிக் கப்பல்களையும் சுமார் 790 பேரையும் இழந்தது. சூறாவளி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்பது தவறாகக் கணிக்கப்பட்டிருந்தது.

கடைசியாக, கட்டளை அதிகாரியிடம் சொல்வதற்கு ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். "நாளைக் காலை பத்து மணி வரை ஹெலிகாப்டர் இறங்கலாம், அதன்பின் கொண்டல் காற்று 25 நாட் வேகத்துக்கு மேல் போகும், மாலைக்கான கணிப்பில் எனக்கு உறுதி குறைவு" என்பது போல, வேலையோடு சேர்த்துச் சொல்லுங்கள். உறுதி குறைந்த இடத்தை மறைக்காதீர்கள். தாளின் அடியில், அடுத்த அறிவிப்பு எத்தனை மணிக்கு வரும் என்பதை நம் நேரத்திலும் உலகப் பொது நேரத்திலும் எழுதிக் கையொப்பமிடுங்கள்.