காலம் வேறு, களை வேறு: கர்நாடக இசைச் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்நாடக இசையில் ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் அது பேச்சோடு நிற்காது. கை தாளத்தைத் தப்பாகப் போடும், தொண்டையும் அப்படியே பழகிவிடும். இதற்குக் கண்கூடான உதாரணம் ‘காலம்’ என்ற சொல். இரண்டாம் காலம் என்றதும் பிள்ளைகள் பலர் கையையும் சேர்த்து வேகமாகத் தட்டத் தொடங்கிவிடுவார்கள். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

காலம் மாறும்போது தாளம் மாறவே கூடாது. ஆதி தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் 8 அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை; இந்த முழுச் சுற்றுதான் ஓர் ஆவர்த்தனம். தொடக்கப் பாடமான முதல் சரளி வரிசையை முதல் காலத்தில் பாடினால் அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம். ஏறி இறங்கும் 16 ஸ்வரங்களுக்கு இரண்டு ஆவர்த்தனம் ஆகும். இரண்டாம் காலத்தில் அட்சரத்துக்கு இரண்டு ஸ்வரம், ஆகவே ஒரே ஆவர்த்தனத்தில் முடிந்துவிடும். மூன்றாம் காலத்தில் அட்சரத்துக்கு நான்கு. அரை ஆவர்த்தனத்திலேயே முடிந்துவிடுவதால் வரிசையை இரண்டு தடவை பாடித்தான் ஆவர்த்தனத்தை நிரப்ப வேண்டும். இத்தனையிலும் கை ஒரே நிதானத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்த நிதானத்துக்குக் காலப்பிரமாணம் என்று பெயர். பாட்டு போகப் போக அது தன்னை அறியாமல் ஏறிவிட்டால், ‘ஓடுகிறது’ என்று வித்வான்கள் முகம் சுளிப்பார்கள்.

களை என்பது இதற்கு எதிர்ப்பக்கம். இரண்டு களை என்றால் தாளத்தின் ஒவ்வோர் அட்சரத்தையும் கை இரண்டு தடவை போடும்: தட்டு தட்டு, சுண்டுவிரல் சுண்டுவிரல் என்று. ஸ்வரங்களை நெருக்குவது காலம், தாளத்தையே அகலப்படுத்துவது களை. மெதுவாக நடக்கும் பாட்டையெல்லாம் இரண்டு களை என்று சொல்லிவிடக் கூடாது. ஒரு களைப் பாட்டையும் மெதுவாகப் பாடலாம். பாடகரின் கையைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

அடுத்த குழப்பம் ஜாதியும் நடையும். திஸ்ரம் (3), சதுஸ்ரம் (4), கண்டம் (5), மிஸ்ரம் (7), சங்கீர்ணம் (9) என்ற அதே ஐந்து பெயர்கள் இரண்டு இடத்திலும் வருவதால் இது நேர்கிறது. ஜாதி லகுவின், அதாவது ஒரு தட்டும் விரல் எண்ணிக்கையும் சேர்ந்த பகுதியின், நீளத்தைச் சொல்வது. திரிபுடை என்ற தாளம் திஸ்ர ஜாதியில் வந்தால் லகுவுக்கு 3, இரண்டு திருதங்களுக்கு (தட்டும் வீச்சும் சேர்ந்தது ஒரு திருதம்) 2 + 2, ஆக 7 அட்சரம். அதே திரிபுடை சதுஸ்ர ஜாதியானால் 4 + 2 + 2, அதுதான் நம் ஆதி தாளம். ஏழு தாளமும் ஐந்து ஜாதியும் பெருகித்தான் 35 தாளம் என்ற கணக்கு வந்தது. நடையோ ஓர் அட்சரத்துக்குள் எத்தனை பிரிவு என்பது. ஆதி தாளத்தைத் திஸ்ர நடையில் போட்டால் அட்சரம் அதே 8தான். உள்ளே மும்மூன்றாக 24 பிரிவு ஓடும்.

பாட்டு தாளத்தில் தொடங்கும் இடமான எடுப்பிலும் ஒரு தலைகீழ்க் குழப்பம் உண்டு. தாளம் தொடங்கிய பிறகு பாட்டு வந்தால் அநாகதம், தாளத்துக்கு முன்பே பாட்டு வந்துவிட்டால் அதீதம்.

ராகத்துக்கு வருவோம். ஸ்வரங்கள் ஏறும் வரிசையான ஆரோகணமும் இறங்கும் வரிசையான அவரோகணமும் தெரிந்தால் ராகம் தெரிந்துவிட்டது என்ற எண்ணம்தான் ரசிகர்களை அதிகம் ஏமாற்றுகிறது. ஆரபியும் தேவகாந்தாரியும் இதற்கு நல்ல பாடம். இரண்டும் 29ஆவது மேளமான (ஏழு ஸ்வர அடிப்படை ராகமான) தீரசங்கராபரணத்தின் ஜன்யங்கள், அதாவது அதன்கீழ் வகைப்படுத்தப்படும் ராகங்கள். இரண்டிலும் ஏறும்போது ஸ ரி ம ப த ஸ, இறங்கும்போது ஸ நி த ப ம க ரி ஸ. காகிதத்தில் வித்தியாசமே இல்லை. பாடிக் கேட்டால் இரண்டையும் ஒன்றென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆரபி விறுவிறுப்பான கன ராகம், ஸ்வரங்களை அதிகம் அசைக்காமல் நேராகப் பிடிக்கும். தியாகராஜரின் பஞ்சரத்தினத்தில் மூன்றாவது இந்த ராகத்தில்தான் இருக்கிறது. தேவகாந்தாரி நின்று, இழைந்து, நீண்ட கார்வைகளோடு, அதாவது ஸ்வரத்தை நீட்டி நிறுத்தி, நகரும். ராகம் என்பது இந்தப் பிடிகளும் (ராகத்துக்கே உரிய ஸ்வரத் தொடர்களும்) கார்வைகளும் அசைவுகளும்தான்.

ஆகவே ஸ்வரத்தை அசைக்கும் கமகத்தை ‘அலங்காரம்’ என்று சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். தோடி ராகத்தின் காந்தாரத்தை (‘க’ ஸ்வரத்தை) அசைக்காமல் நேராகப் பாடிப் பாருங்கள், அங்கே தோடி இருக்காது.

மேளகர்த்தாவைத் ‘தாய் ராகம்’ என்று சொல்லிப் பழகியதால் இன்னொரு தப்பு சேர்ந்துகொண்டது: 72 தாய் ராகங்கள் முதலில் பிறந்தன, மற்றவை பிறகு வந்தன என்ற நினைப்பு. 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி என்ற இசை அறிஞர் தம் நூலான சதுர்தண்டிப் பிரகாசிகையில் 72 மேளங்களைக் கணக்குப் போட்டு வகுத்தபோது, அவற்றில் 19தான் வழக்கில் இருந்தன. ஜன்யங்கள் பல அந்தப் பட்டியலுக்கு மூத்தவை. மேளம் என்பது வகைப்படுத்தும் முறை, வம்சாவளி அல்ல.

சுருதி விஷயத்தில் கச்சேரி முடிந்து வெளியே வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது: “கடைசியில் சுருதி ஏற்றிப் பாடினார் பார்த்தீர்களா!” அவர் சுருதியைத் தொடவே இல்லை, மேல் ஸ்தாயியான தார ஸ்தாயியில் பாடினார். சுருதி தம்புராவில் வைத்த ஆதார ஸட்ஜம் (அடிப்படையான ‘ஸ’), பாட்டின் நடுவில் அது நகராது. சுருதியின் உயரத்தைச் சொல்லும் கட்டைக் கணக்கு ஹார்மோனியத்தை ஒட்டி வந்தது. மேற்கத்திய இசையின் ‘சி’ ஒரு கட்டை, ‘டி’ இரண்டு, ‘ஜி’ ஐந்து. கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை என்று போகும். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது, அதனால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று இல்லை. ஆறு கட்டையில் பாடுகிறவர் ஒரு கட்டையில் பாடுகிறவரைவிடத் தேர்ந்தவர் என்று எண்ணுவதும் வீண். அது குரல்வாகைப் பொறுத்தது.

நிரவலையும் கல்பனாஸ்வரத்தையும் பிரித்தறிவது எளிது. சாகித்தியத்தின் ஒரு வரியை எடுத்து, அதன் சொற்களைத் தாளத்தில் ஏறக்குறைய அவற்றின் இடத்திலேயே வைத்துக்கொண்டு ராகத்தை மட்டும் விதவிதமாக விரிப்பது நிரவல். ‘ஸரிகம’ என்று ஸ்வரப் பெயர்களைச் சொல்லியே கற்பனை செய்து எடுப்புக்குத் திரும்புவது கல்பனாஸ்வரம். ராகம் தானம் பல்லவி என்ற உருப்படியில் வரும் பல்லவியும் கிருதியின் பல்லவியும் ஒன்றல்ல. கிருதியில் அது முதல் அங்கம், அனுபல்லவியும் சரணமும் பின்னால் வரும். ராகம் தானம் பல்லவியிலோ ஒரே ஒரு வரிதான் பல்லவி, முழுக் கற்பனையும் அதன்மேல்தான் நடக்கும்.

கடைசியாகத் தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டின் நடுவே தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி. ‘தனி’ என்றதும் பாட்டு முடிந்துவிட்டது, மிருதங்கம் தன்போக்கில் வாசிக்கிறது என்று நினைத்து எழுந்துபோகிறவர்கள் ஏராளம். பாட்டு முடியவில்லை. அதே தாளம், அதே களை தொடர்கிறது, பாடகரின் கை நிற்பதில்லை. மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, முடிவை நெருங்கும்போது வரும் மோரா என்ற அமைப்பைச் சேர்ந்து வாசித்து, வழக்கமாக மூன்று தடவை வரும் கோர்வை என்ற முடிவு அமைப்பில் முடிக்கும்போது, அது பாட்டு எந்த எடுப்பில் தொடங்கியதோ அங்கே வந்து சேரும். அந்த இடத்தில் பாடகர் வரியை எடுத்த பிறகுதான் உருப்படி நிறைவடையும்.