பின் பேட்டரியில் சார்ஜ் ஏறுகிறதா?

அரியமான் கடற்கரையில் சவுக்கு நிழல் பார்த்து, படுக்கையும் ஃபிரிட்ஜும் வைத்த எங்கள் கேம்பர் வண்டியைப் போட்டு இரவு தங்கினோம். விடிந்து பார்த்தால் ஃபிரிட்ஜ் செத்துக் கிடக்கிறது, பாம்பனில் வாங்கிய இரண்டு கிலோ விளமீன் நாறுகிறது. முந்தின நாள் முழுக்க ஓட்டிய வண்டி. டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரியவே இல்லை. எப்படி எரியும்? அது இன்ஜின் பேட்டரிக்கான விளக்கு. படுக்கைக்குக் கீழே இருந்து ஃபிரிட்ஜை ஓட்டுகிற பின் பேட்டரியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ஆகவே வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், சாதாரணமானதே போதும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். நான் சொல்லும் கணக்கு ஆசிட் பேட்டரிக்கு, லித்தியத்துக்கு வேறு.

முதலில், எல்லாவற்றையும் அணைத்து ராத்திரி முழுக்க விட்டு, சோலாரில் வெயில் படுமுன் பின் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 12.6க்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். ஓட்டிவந்து நிறுத்திய சூட்டோடு பார்த்தால் 13 காட்டும், அதை நம்பாதீர்கள்.

அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு முன் பேட்டரியில், அதாவது இன்ஜின் பேட்டரியில், வைத்துப் பாருங்கள். 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். வராவிட்டால் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரோ அதைச் சுற்றும் பெல்ட்டோ கோளாறு, மெக்கானிக்கிடம் போய்விடுங்கள். 15ஐத் தொட்டால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரியில் தண்ணீர் வற்றிவிடும். முன்னால் சரியாக இருந்தால் பின்னாலும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். காலியான பேட்டரிக்கு அரை மணி நேரம் கொடுங்கள். அதற்குப் பிறகும் அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எதுவோ தின்கிறது. கொஞ்சம்கூட ஏறாவிட்டால் ஃபியூஸையும், இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் ரிலே சுவிட்சையும் பாருங்கள்.

என் வண்டியில் ஃபியூஸ், ரிலே இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. இன்ஜின் ஓடும்போது மீட்டரின் சிவப்பு முனையை, பின் பேட்டரியில் வயரைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் மேல் வைத்தேன்: 14.1. அதே முனையை ஒரு விரற்கடை நகர்த்தி, கிளாம்ப் கவ்வியிருக்கும் ஈயத்தின் தலையில் வைத்தேன்: 12.5. கழற்றினால் உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கிறது. நம் பக்கத்து உப்புக் காற்று சும்மா விடுமா?

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மோதிரம் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். வெந்நீரில் ஆப்பச் சோடா கலந்து ஊற்றினால் பொடி நுரைத்துக் கரையும்; பேட்டரி மூடி வழியாக ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. துடைத்து, காயவைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

பேட்டரி மைனஸ் வயரை வண்டியின் சேஸிஸோடு இணைக்கும் எர்த் போல்ட்டையும் விடாதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி மைனஸில் ஒரு முனை, சேஸிஸில் பெயின்ட் இல்லாத இடத்தில் மறு முனை. கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். எனக்கு 0.4 காட்டியது. உப்பு தின்ற போல்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினேன், 0.05க்கு இறங்கியது.