எத்தனை ஜட்ஜ் மிச்சம்? 1969 போன்டியாக் ஜி.டி.ஓ.வை வைத்து மசில் கார் கணக்குப் போடும் முறை

பழைய அமெரிக்க மசில் கார்களில் (பெரிய எஞ்சின் பொருத்திய வேகக் கார்கள்) இன்னும் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று கேட்டால், பலரும் தயாரிப்பு எண்ணிக்கையை எடுத்து அதில் பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று ஏதோ ஒன்றைச் சொல்வார்கள். அந்தச் சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. பிரிட்டனில் வாகனப் பதிவுத் துறையே மாடல்வாரியாக எண்ணிக்கையை வெளியிடுகிறது. அமெரிக்காவில் பதிவு மாநிலத்துக்கு மாநிலம் தனி. உரிமையாளர் விவரங்களை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டியும் வைத்திருக்கிறது. அதனால் நாமேதான் எண்ணியாக வேண்டும். இங்கே எடுத்துக்காட்டு, போன்டியாக் நிறுவனத்தின் ஜி.டி.ஓ. காரில் 'ஜட்ஜ்' என்ற ஆப்ஷனோடு வந்த வகை.

ஏரியில் எத்தனை மீன் என்று அறிய, கொஞ்சம் மீனைப் பிடித்து அடையாளம் போட்டு விடுவார்கள். பிறகு மறுபடி வலை வீசி, அதில் அடையாளமுள்ளவை எத்தனை என்று பார்ப்பார்கள். இங்கேயும் அதே கணக்குதான். அடையாளத்துக்குப் பதில் சேஸி நம்பர், வலைக்குப் பதில் இரண்டு பட்டியல்கள்.

படி 1: ஒரே ஒரு மாடலைப் பிடியுங்கள்

'மசில் கார்' என்று மொத்தமாக எடுத்தால் எது மசில் கார் என்ற சண்டையிலேயே நாள் போய்விடும். பழகுவதற்கு 1969 ஜி.டி.ஓ. ஜட்ஜ் நல்ல தேர்வு. தயாரிப்பு எண்ணிக்கை தெளிவு: ஹார்ட்டாப் (நிலையான கூரை) 6,725, கன்வெர்டிபிள் (திறந்து மூடும் கூரை) 108, மொத்தம் 6,833. ஒவ்வொரு காரின் ஆலைப் பில் நகலையும் போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனத்திடம் கட்டணம் கட்டி வாங்கலாம்.

ஷெவ்ரோலே நிறுவனத்தின் 1970 ஷெவெல் எஸ்.எஸ். 454-ஐ முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள். அது எஸ்.எஸ். என்று சேஸி நம்பர் சொல்லாது, ஆலை ஆவணமும் பெரும்பாலும் கிடைக்காது. 1964, 1965 ஜி.டி.ஓ.விலும் இதே தலைவலி உண்டு. அப்போது ஜி.டி.ஓ. தனி மாடல் இல்லை, லெமான்ஸ் காரின் ஆப்ஷன் மட்டும்தான். ஆனாலும் பில் நகல் கிடைப்பதால் சமாளித்துவிடலாம்.

படி 2: 'பிழைத்த கார்' எது என்று எழுதி வையுங்கள்

எண்ணத் தொடங்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். நடுவில் மாற்றினால் இரண்டு பட்டியலும் ஒட்டாது. எங்கள் பரிந்துரை: அசல் பாடியும் அதோடு ஆலையில் பொருத்திய சேஸி நம்பர் தகடும் சேர்ந்தே இருந்தால் அது பிழைத்த கார். எஞ்சின் மாறியிருக்கலாம், துருப்பிடித்துக் கொட்டகையில் கிடக்கலாம், பரவாயில்லை. தகடு மட்டும் டப்பாவில் இருந்தால் அது கார் ஆகாது. அந்தத் தகட்டை வேறு பாடியில் பொருத்துவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமும்கூட. ஸ்வீடன் போன்ற நாடுகளுக்குப் போய்விட்ட கார்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

படி 3: நம்பரைப் படிக்கப் பழகுங்கள்

பிழை நுழைவது பெரும்பாலும் இங்கேதான். 1969 காரில் சேஸி நம்பர் தகடு டேஷ்போர்டின் மேல், ஓட்டுநர் பக்கம், கண்ணாடி வழியாகத் தெரியும்படி இருக்கும். மொத்தம் 13 இடங்கள். 242379பி (P) என்று தொடங்கும் ஒரு நம்பரைப் பிரித்தால்: 2 போன்டியாக், 42 ஜி.டி.ஓ., 37 ஹார்ட்டாப் (கன்வெர்டிபிள் என்றால் 67), 9 என்பது 1969, 'பி' மிச்சிகனில் உள்ள போன்டியாக் நகர ஆலை. கடைசி ஆறும் வரிசை எண்.

எழுத்து வருவது ஏழாவது இடத்தில் மட்டும். மற்ற பன்னிரண்டும் எண்கள். வேறெங்காவது எழுத்து தெரிந்தால் 0-வை 'ஓ' என்றோ 1-ஐ 'ஐ' என்றோ யாரோ தட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 1981 முதல் வந்த 17 இட நம்பரில் ஒன்பதாவது இடம் சரிபார்ப்பு இலக்கம், தப்பாகத் தட்டினால் காட்டிக்கொடுத்துவிடும். பழைய நம்பரில் அந்த வசதி கிடையாது. 3-ஐ 8 என்று எழுதினாலும் பார்க்கச் சரியான நம்பராகவே தெரியும். எனவே தகட்டின் படம் இருந்தால் மட்டும் பட்டியலில் ஏற்றுங்கள். விளம்பர வாசகத்திலிருந்து நம்பரை எடுக்காதீர்கள்.

படி 4: ஜட்ஜ்தானா என்று உறுதி செய்யுங்கள்

மேலே சொன்ன நம்பர் 'இது ஜி.டி.ஓ.' என்பது வரைதான் சொல்லும். ஜட்ஜ் என்பது டபிள்யூ.டி.1 (WT1) என்ற ஆப்ஷன். அது பில் நகலில்தான் தெரியும். பின்பக்க ஸ்பாய்லர், பக்கவாட்டுப் பட்டை ஸ்டிக்கர், ரேலி-2 சக்கரம், ஹர்ஸ்ட் கியர் லீவர் எல்லாமே கடையில் கிடைக்கும், திருகிப் பொருத்தக்கூடிய சாமான்கள். ஜட்ஜுக்குப் பேர்போன கரோசல் ரெட் பெயின்ட் அடிப்பது அதைவிடச் சுலபம். சாதா ஜி.டி.ஓ.வை வார இறுதியில் ஜட்ஜ் மாதிரி ஆக்கிவிட முடியும் என்பதால் தோற்றத்தை நம்பவே நம்பாதீர்கள். பில் நகல் இல்லாத காரைத் தனித் தாளில் வையுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 5: இரண்டு பட்டியல்கள்

'அ' பட்டியல்: உரிமையாளர்கள் தாங்களாகப் பதிந்த ரெஜிஸ்ட்ரி. 'ஆ' பட்டியல்: ஏலப் பட்டியல்களிலும் விற்பனை விளம்பரங்களிலும் நீங்களே திரட்டியது. எக்செலில் நான்கு பத்திகள் போதும்: நம்பர், ஹார்ட்டாப்பா கன்வெர்டிபிளா, பில் நகல் உண்டா, பார்த்த தேதி. உரிமையாளர் பெயர் வேண்டாம்.

ஒரே கார் மூன்று ஏலத்தில் வந்தாலும் பட்டியலில் ஒரு முறைதான். கடைசி இலக்கங்களை மறைத்திருந்தால் தள்ளிவிடுங்கள். இரண்டு பட்டியலும் ஏறத்தாழ ஒரே இரண்டு மூன்று ஆண்டுக்குள் இருக்க வேண்டும். இருபது ஆண்டுக்கு முந்தைய ரெஜிஸ்ட்ரியில் இருந்த கார் இன்று நசுங்கிப் போயிருக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு பட்டியல் மற்றதிலிருந்து பிறக்கக் கூடாது. ஏலத்தில் விற்ற காரை ரெஜிஸ்ட்ரி நடத்துபவர் தானே எடுத்துச் சேர்த்திருந்தால், அந்த வரிகளை நீக்கிவிட்டுத்தான் தொடர வேண்டும்.

படி 6: கணக்கு

இரண்டு பட்டியல்களிலும் உள்ள கார்களின் எண்ணிக்கை அ, ஆ. இரண்டுக்கும் பொதுவான நம்பர்களின் எண்ணிக்கையை 'இ' என்று வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரம்:

எண்ணிக்கை = (அ + 1) × (ஆ + 1) ÷ (இ + 1) − 1

பழகுவதற்காகக் கற்பனை எண்கள் (உண்மை நிலவரம் அல்ல): ஹார்ட்டாப், கன்வெர்டிபிள் சேர்த்து அ = 420, ஆ = 260, இ = 38.

421 × 261 = 109,881. இதை 39-ஆல் வகுத்தால் 2,817. ஒன்றைக் கழித்தால் 2,816. தயாரித்த 6,833-இல் இது 41 சதவீதம்.

இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். பிழை அளவையும் போட வேண்டும். (அ+1), (ஆ+1), (அ−இ), (ஆ−இ) நான்கையும் பெருக்கி, (இ+1)-இன் வர்க்கத்தாலும் (இ+2)-ஆலும் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். இங்கே 391 வரும். அதை 1.96-ஆல் (95 சதவீத உறுதிக்கான எண்) பெருக்கினால் 767. ஆக விடை ஏறத்தாழ 2,050 முதல் 3,580 வரை. வீச்சு அகலமாக இருக்கிறதே என்று தோன்றும். இ சிறியதாக இருந்தால் அப்படித்தான் இருக்கும். குறுக்க வேண்டுமானால் இன்னும் நம்பர் சேகரிப்பதுதான் வழி.

எது கெடும், எந்தப் பக்கம் கெடும்

மேலே உள்ள எண்களையே எடுங்கள். பொதுவான 38 கார்களில் நான்கின் நம்பரை ஒரு பட்டியலில் தப்பாகத் தட்டிவிட்டால் இ = 34 ஆகும். விடை 3,138-க்கு ஏறும். நான்கு தட்டச்சுப் பிழை, இல்லாத 322 கார்! மாறாக, பட்டியல்கள் ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டு இ = 60 ஆகிவிட்டால் விடை 1,800-க்குச் சரியும்.

கொட்டகையில் முடங்கி ரெஜிஸ்ட்ரிக்கும் ஏலத்துக்கும் வராத கார்கள் எப்போதும் உண்டு. அவற்றால் உங்கள் விடை உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும், அதிகமாகாது. 108 கன்வெர்டிபிளின் கதை வேறு. விலை அதிகம் என்பதால் அவை இரண்டு பட்டியலிலும் தலைகாட்ட வாய்ப்பு அதிகம். மேலே பயிற்சிக்காகச் சேர்த்துப் போட்டோம். உண்மையான வேலையில் சேர்த்தால் இ வீங்கிவிடும், ஆகவே பிரித்துவிடுங்கள். அவ்வளவு குறைந்த எண்ணிக்கைக்குச் சூத்திரமே தேவையில்லை, ஒவ்வொன்றாகத் தேடி எண்ணிவிடலாம்.

வரிசை எண்ணின் இடைவெளியை வைத்துக் கணக்கிடலாமே என்று சிலர் கேட்பார்கள். முடியாது. ஒரே ஆலையில் டெம்பெஸ்ட், லெமான்ஸ், ஜி.டி.ஓ. எல்லாம் ஒரே வரிசையில்தான் நம்பர் வாங்கின.

படி 7: சரிபார்ப்பு

விடை 6,833-ஐத் தாண்டினால் போலிகளோ தட்டச்சுப் பிழையோ நுழைந்திருக்கிறது. கீழ் எல்லை அ + ஆ − இ, அதாவது 420 + 260 − 38 = 642. அவை கண்ணால் பார்த்த தகடுகள், யாரும் மறுக்க முடியாத எண்.

பிழைத்த விகிதம் குறைவாக வந்தால் 2009-இல் பழைய காருக்கு அரசு பணம் கொடுத்து நசுக்கிய திட்டத்தின் மேல் பழி போடாதீர்கள். அதில் 25 ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்குத்தான் இடம். ஜட்ஜ்களைத் தின்றவை வேறு: பனிச்சாலையில் கொட்டும் உப்பின் துரு, விபத்து, டிராக் ரேஸ் (நேர்கோட்டு வேகப் போட்டி), 1973 எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குப் பின் விலை விழுந்து பழைய இரும்புக்குப் போன ஆண்டுகள்.

விடையை எழுதும்போது இப்படி எழுதுங்கள்: '1969 ஜட்ஜ் ஹார்ட்டாப், அசல் பாடியும் தகடும், பில் நகலோடு, இன்ன தேதி வரை, இத்தனையிலிருந்து இத்தனை வரை, கண்ணால் பார்த்தவை இத்தனை.' எக்செல் கோப்பை அழிக்காதீர்கள். அடுத்த ஆண்டு ஏலங்களில் வரும் புது நம்பர்களை வைத்து 'ஆ' பட்டியலைப் புதிதாகக் கட்டி, ரெஜிஸ்ட்ரியையும் அன்றைய நிலவரத்துக்குப் புதுப்பித்து, மறுபடி போட்டுப் பாருங்கள். இரண்டு வீச்சும் ஒன்றையொன்று தொடவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது படி 5.