துறைமுக ஊரின் பெரியவர்களைத் தொகுப்பது எப்படி? தூத்துக்குடியை வைத்துச் சில யோசனைகள்

பள்ளி ஆண்டு மலரோ, சங்கத்தின் வெள்ளி விழா மலரோ, எதுவானாலும் “எங்கள் ஊர் தந்த பெரியவர்கள்” என்று நான்கு பக்கம் வேண்டும் என்பார்கள். நான் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்பதால் பட்டியலைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். வருகிற பட்டியல்களில் பாதியில் பட்டங்கள்தான் இருக்கின்றன, ஆள் இருப்பதில்லை. மீதிப் பாதியில் பக்கத்து ஊர்க்காரர்களை எல்லாம் நம் ஊருக்கு இழுத்து வந்து குடியமர்த்தியிருப்பார்கள். இதைத் தொகுக்க முறை இருக்கிறது. எனக்குத் தெரிந்தது தூத்துக்குடி. அதை வைத்தே சொல்கிறேன். நாகப்பட்டினத்துக்கோ காரைக்காலுக்கோ செய்பவர்கள் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதல் வேலை, எல்லை வகுப்பது. நகரத்துக்கா, மாவட்டத்துக்கா என்று தொடங்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். பாரதி எட்டயபுரம், கட்டபொம்மன் பாஞ்சாலங்குறிச்சி, நாடகத் தமிழுக்குத் தலைமை ஆசிரியராக மதிக்கப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் காட்டுநாயக்கன்பட்டி. மூவரும் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள். ஆனால் துறைமுகப் பட்டினத்தின் பட்டியலில் அவர்களை வைத்தால் பட்டினம் மறைந்துபோகும். இன்னொன்று: இந்த மாவட்டம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது 1986இல்தான். அதற்கு முந்தைய நூல்களிலும் ஆவணங்களிலும் தேடும்போது “திருநெல்வேலி ஜில்லா” என்றுதான் தேட வேண்டும். “தூத்துக்குடி மாவட்டத்தில் 1882இல் பிறந்தார்” என்று எழுதுவது பிழை. “இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில்” என்று எழுதினால் தீர்ந்தது.

அடுத்து, “பிறந்த ஊர்” என்ற அளவுகோலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நம் வழக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில். பதிவேட்டில் இருக்கும் ஊர் பல நேரம் அம்மாவின் ஊராக இருக்கும். பிள்ளை மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அப்பாவின் ஊருக்கு வந்துவிடும். துறைமுகத்தில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. வந்து இறங்கியவர்கள், ஏறிப் போனவர்கள், இரண்டு கரையிலும் வீடு வைத்திருந்தவர்கள் என்று ஊரே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பேன்: இவர் வாழ்க்கைக் கதையிலிருந்து தூத்துக்குடியை உருவிவிட்டால் கதை நிற்குமா? நின்றால், தொடர்புடையோர் பகுதியில் ஒரு வரி போதும். சரிந்தால், அவர் இந்த ஊர்க்காரர். எங்கே பிறந்திருந்தாலும் சரி.

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்ததும் பட்டியல் தானாகவே இடம் மாறும். கால்டுவெல் பெயரில் இங்கே பள்ளி இருக்கிறது. ஆனால் அவர் வாழ்க்கையின் மையம் இடையன்குடி. ஜி.யு.போப்புக்குச் சாயர்புரம். இருவருக்கும் ஒரு வரி. மாறாக, அன்றீக்கே அன்றீக்கசைப் பாருங்கள். போர்ச்சுக்கல்லில் பிறந்த இயேசு சபைத் துறவி. முத்துக்குளித்துறைக்கு வந்து, இந்தக் கடற்கரை மக்களிடம் தமிழ் கற்று, போர்ச்சுக்கீசியர் தமிழ் படிக்க இலக்கணமும் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான “தம்பிரான் வணக்கம்” அவர் கைவண்ணம்; இந்திய மொழியொன்றில் அந்த மொழியின் எழுத்தாலேயே இந்தியாவில் அச்சாகிக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல் அது. பதினாறே பக்கம். 1600இல் புன்னைக்காயலில் இறந்தவரைத் தூத்துக்குடியில் அடக்கம் செய்தார்கள். இந்தக் கடற்கரையை உருவிவிட்டால் அவர் கதையில் என்ன மிஞ்சும்? எனவே அவருக்கு முழுப் பதிவு. பல பட்டியல்களில் அவர் பெயரே இருக்காது. அயல்நாட்டார் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இப்போது பதிவு எழுதும் முறை. வ.உ.சி.யையே எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: “கப்பலோட்டிய தமிழன், செக்கிழுத்த செம்மல், தன்னலமற்ற தியாகி வ.உ.சி. அவர்கள் நாட்டுக்காகத் தம் வாழ்வையே அர்ப்பணித்தார்.” இதில் செய்தி எங்கே இருக்கிறது? பட்டங்களை எல்லாம் அடித்துவிட்டு வினைச்சொற்களைத் தேடுங்கள். ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்தார். வக்கீல் தொழிலுக்காக 1900இல் தூத்துக்குடிக்குக் குடிவந்தார். 1906இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார்: மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கம்பெனித் தலைவர் பாண்டித்துரைத் தேவர். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு கையில் குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். 25 ரூபாய் என்ற அந்த ஒற்றை எண் எத்தனை செய்திகளைச் சொல்கிறது என்று பாருங்கள். ஜமீன்தார் மட்டும் வாங்கும் பங்காக அல்லாமல், கடைக்காரரும் வாங்கட்டும் என்று நினைத்து வைத்த விலை அது. “தியாகி” என்ற சொல்லால் இதைச் சொல்ல முடியாது.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். 1908 பிப்ரவரியில் கோரல் மில் என்ற நூற்பாலையில் வேலைநிறுத்தம்; கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. மார்ச் 12ஆம் தேதி கைது. ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில் குறைந்தது. கோவையிலும் கண்ணனூரிலும் சிறை. 1912 டிசம்பரில் விடுதலை. இந்த இடத்தில்தான் எல்லோரும் பேனாவை மூடிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர் கால் நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக வாழ்ந்தார். கப்பல்கள் கைமாறிவிட்டன, வக்கீல் உரிமை பறிபோனது. சென்னையில் மளிகைக் கடை, மண்ணெண்ணெய் வியாபாரம், கோவையில் ஒரு வேலை. உரிமம் திரும்பக் கிடைக்க உதவிய வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் நினைவாக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். 1932இல் தூத்துக்குடிக்கே திரும்பி, 1936 நவம்பர் 18 அன்று இங்கேயே கண்மூடினார். புகழுக்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள். படிக்கிற பிள்ளைகள் அந்தப் பத்தியில்தான் நின்று படிப்பார்கள், வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

ஆதாரம் எங்கே கிடைக்கும்? கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு முதல் இடம் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு. பங்குத் தந்தையிடம் முறையாகக் கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். பெயர், தோராயமான ஆண்டு, பெற்றோர் பெயர் மூன்றும் கையில் இருந்தால்தான் தேட முடியும். ஊரில் ஃபர்னாந்து, ரொட்ரிகோ, ரோச், விக்டோரியா, மோத்தா என்ற குடும்பப் பெயர்கள் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பொது. தகப்பன் பெயர் இல்லாமல் தேடினால் இரண்டு ஆட்களை ஒட்டி ஒரே ஆளாக்கிவிடுவீர்கள். மற்றவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, நகராட்சிப் பிறப்பு இறப்புப் பதிவு, கல்லறைக் கல். இவற்றில் ஏதாவது இரண்டு ஒத்துப்போனால் தேதியைப் போடுங்கள். இல்லையேல் ஆண்டை மட்டும் போடுங்கள். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

கடலுக்கு அந்தப் பக்கமும் தேட வேண்டும். 1914இல் பாம்பன் பாலம் திறந்து போக்குவரத்து தனுஷ்கோடி வழியாக மாறும்வரை, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிற ரயில் பயணிகள் இங்கேதான் கப்பல் ஏறினார்கள். அதற்குப் பிறகும் குடும்பங்கள் இரண்டு கரைக்கும் போய்வந்துகொண்டிருந்தன. நடிகர் சந்திரபாபு தூத்துக்குடியில் பிறந்தார். முழுப்பெயர் ஜோசப் பனிமயதாஸ் ரொட்ரிகோ. பனிமய மாதா கோயில் உள்ள ஊர்க்காரர் என்பதற்கு அந்த நடுப்பெயரே சான்று. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற தகப்பனாரோடு குடும்பம் இலங்கைக்குப் போனதால் அவர் சிறுவயது கொழும்பில் கழிந்தது. இப்படிப்பட்டவர்களின் பள்ளிக் காலத்தை இங்கே தேடினால் ஒன்றும் அகப்படாது.

பெரியவர்களைப் பேட்டி காணப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. “நம் ஊரின் சாதனையாளர்கள் யார்?” என்று கேட்காதீர்கள், மேடைப் பேச்சுதான் வரும். “இந்தப் பூங்காவுக்கு ஏன் ரோச் பெயர்?”, “குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன் எங்கே எடுத்தீர்கள்?” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குக் குரூஸ் பர்னாந்து பெயர் தானாக வரும். நகராட்சித் தலைவராகப் பலமுறை இருந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்தவர் அவர். சுற்றிலும் உப்பளமும் கடலும் உள்ள ஊரில் இதைவிடப் பெரிய காரியம் என்ன இருக்கிறது? ஊருக்கு வெளியே அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. என் பட்டியலில் அவருக்கு வ.உ.சி.க்கு அடுத்த இடம்.

வேண்டாதவர்களையும் சேர்க்க வேண்டுமா என்று கேட்பார்கள். ஆஷ் துரை இங்கே சப் கலெக்டராக இருந்தவர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதனால் சுடப்பட்டவர். ஊரில் அவருக்கு நினைவு மண்டபமும் உண்டு. அவரை விட்டுவிட்டு 1908இன் வேலைநிறுத்தத்தையும் வ.உ.சி. கைதையும் எப்படிச் சொல்வீர்கள்? இன்ன பதவியில் இருந்தார், இன்னது செய்தார், இன்னபடி இறந்தார் என்று மூன்று வரி எழுதுங்கள். வசையும் வேண்டாம், புகழும் வேண்டாம்.

பெயர் தெரியாதவர்களுக்கும் ஒரு பதிவு ஒதுக்குவது என் வழக்கம். கோரல் மில்லில் வேலையை நிறுத்தியவர்கள், முத்தும் சங்கும் குளித்தவர்கள், உப்பளத்தில் உழைக்கும் பெண்கள். இவர்களில் ஒருவர் பெயரும் மலர்களில் வருவதில்லை. தெருவில் கேட்டுப் பார்த்து ஒரு குடும்பமாவது சம்மதித்தால் அவர்கள் சொன்னதைப் போடுங்கள்.

அச்சுக்குப் போகும் நேரத்தில் ஒருவர் வருவார். பெரிய நன்கொடை கொடுத்திருப்பார்; தம் தாத்தாவையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பார். ஒரு ஆவணம் கேளுங்கள். கொண்டுவந்து, ஊரை உருவிவிட்டால் கதை நிற்குமா என்ற கேள்வியிலும் தேறினால் சேர்த்துவிடலாம். இல்லையென்றால், தாத்தாவின் படத்தை முழுப் பக்கத்தில் போட மலரின் கடைசியில் விளம்பரப் பகுதி இருக்கிறது.