வேல்ஸ் மூதாதையைத் தேடுகிறீர்களா? பெயரை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்

அக்கா வீட்டுக்காரர் அமெரிக்கர். அவருடைய அம்மாவின் தாத்தா, வேல்ஸிலிருந்து வெர்மான்ட் மாநிலத்துக்குச் சிலேட்டுக் கல் வெட்ட வந்தவர். நாம் பள்ளியில் எழுதிப் பழகினோமே, அதே கல்; அங்கே அதைக் கூரைக்கு வேய்வார்கள். தாத்தா பெயர் ஜான் ஜோன்ஸ். "நீதான் பழைய ரெக்கார்டெல்லாம் நோண்டுவியே, இவர் எந்த ஊர்க்காரர்னு பார்த்துச் சொல்லு" என்றாள் அக்கா. ஒரு வார வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். மூன்று வருடம் ஓடிவிட்டது. அதில் பாதிக்கு மேல் என் சொந்தத் தவறுகளில் போனது.

இப்போது யோசித்தால், அத்தனை தவறுக்கும் வேர் ஒன்றுதான். பெயர் கிடைத்தால் ஆள் கிடைத்த மாதிரி என்று நினைத்துவிட்டேன். வேல்ஸில் பெயரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. ஊர், வீடு, சேப்பல் (ஆங்கிலிகன் சபையில் சேராத புராட்டஸ்டன்டுகளின் ஆலயம்) ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஆள் அகப்படுவார்.

ஜோன்ஸ் ஒரு குடும்பப் பெயர் என்ற நினைப்பு

இதை நம் ஆட்கள் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள். முருகேசன் மகன் மு. கந்தசாமி. அவர் மகன் க. செந்தில். செந்தில் அமெரிக்கா போகும்போது பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் கந்தசாமி ஏறிவிடும். அங்கே பிறக்கும் பிள்ளைகளும் கந்தசாமி ஆகிவிடுவார்கள். நூறு வருடம் கழித்து யாராவது "கந்தசாமி வம்சம்" என்று தேடினால் அவர்கள் கதி என்ன?

வேல்ஸிலும் அதே கதைதான். 'ஆப்' என்றால் மகன். ரீஸின் மகன் 'ஆப் ரீஸ்'. அது ஒட்டிப்போய் பிரைஸ் ஆனது. ஆப் ஹவெல் பவல் ஆனது, ஆப் ஹியூ பியூ ஆனது, ஆப் ரிச்சர்ட் பிரிச்சர்ட் ஆனது, ஆப் எவன் பெவன் ஆனது. (எவன் அங்கே ஒரு நல்ல பெயர், சிரிக்காதீர்கள். அதுவும் ஜானும் ஒரே பெயரின் இரண்டு வடிவங்கள்.) இன்னொரு வழி, அப்பா பெயரோடு ஆங்கில 'ஸ்' சேர்ப்பது. ஜானின் மகன் ஜோன்ஸ், வில்லியமின் மகன் வில்லியம்ஸ், எவனின் மகன் எவன்ஸ்.

பணக்காரக் குடும்பங்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே ஒரு பெயரைப் பிடித்து நிலையாக வைத்துக்கொண்டன. சாதாரண ஜனங்கள், குறிப்பாக வடக்கிலும் மேற்கிலும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரைகூடத் தலைமுறைக்குத் தலைமுறை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ராபர்ட் வில்லியம்ஸ் என்று ஒருவர் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மகன் ஜான் ராபர்ட்ஸ், பேரன் ஓவன் ஜோன்ஸ். ஓவன் காலத்தில் பெயர் நிலைத்துப்போனால், அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லோரும் ஜோன்ஸ். அண்ணன் ஒரு பெயரும் தம்பி இன்னொரு பெயரும் வைத்துக்கொண்ட வீடுகளும் உண்டு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜோன்ஸ் தாத்தாவின் அப்பா ஜோன்ஸ், அவர் அப்பாவும் ஜோன்ஸ் என்று 1760 வரை அழகாக ஒரு சங்கிலி கோத்தேன். அக்கா வீட்டுக்காரர் அதை அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டினார். 1800க்கு முன்னால் ஒரு குவாரித் தொழிலாளி குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஒரே குடும்பப் பெயர் என்றால், அதைப் பார்த்துச் சந்தேகம்தான் வர வேண்டும். எனக்குப் பெருமை வந்தது. சட்டத்தைக் கழற்றச் சொன்னபோது வீட்டில் கொஞ்சம் மனஸ்தாபம்.

பெண்கள் விஷயம் தனி. கல்யாணம் ஆனாலும் அப்பா பெயரையே வைத்துக்கொள்வது பழைய வழக்கம். பதிவேட்டிலோ கல்லறையிலோ மனைவிக்கு வேறு பெயர் இருந்தால், முறையான கல்யாணம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எல்லா வேல்ஸ் பெயரும் அப்பன் பெயரில் வந்ததில்லை என்பதற்கு நமக்குத் தெரிந்த ஆளே சாட்சி. 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேலின் குடும்பப் பெயர், வடக்கு வேல்ஸில் யால் என்ற பகுதியின் பெயரிலிருந்து வந்தது. அவர் பிறந்தது அமெரிக்காவின் பாஸ்டனில். கல்யாணம் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தில். அடக்கம் வேல்ஸின் ரெக்ஸமில். பெயரிலேயே ஊர் இருப்பது தேடுகிறவர்களுக்கு அதிர்ஷ்டம். ஜோன்ஸ்களுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது.

அவசரப்பட்டுக் கடல் தாண்டுவது

பாங்கர் பதிவு வட்டத்தில் ஏதோ ஒரு ஜான் ஜோன்ஸின் பிறப்புச் சான்றிதழைப் பணம் கட்டி வாங்கினேன். அப்புறம் இன்னொன்று. மூன்றாவது வந்தபோதுதான், இது லாட்டரிச் சீட்டு வாங்குவது மாதிரி என்று உறைத்தது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான தலைமைப் பதிவு அலுவலகத்தின் சொந்த இணைய அட்டவணையில், பதிவு தொடங்கிய 1837 முதலே பிறந்த குழந்தைக்கு நேராக அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கிறது. பழைய காலாண்டு அட்டவணையில் அது 1911க்குப் பிறகுதான். அந்த விவரம் தெரியாமல் வாங்குவது வீண் செலவு. சில சமயம் அம்மாவும் பிறந்த வீட்டில் ஜோன்ஸாகவே இருப்பார், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் குடியேறிய நாட்டில் இருப்பதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டும். 1900ஆம் ஆண்டு அமெரிக்க சென்சஸில் வந்த வருடம் இருக்கும். 1890 சென்சஸை நம்பாதீர்கள். அதில் பெரும்பகுதி 1921 தீ விபத்தோடு போய்விட்டது. குடியுரிமைத் தாள்கள் 1906 செப்டம்பருக்கு முந்தியவை என்றால், பெரும்பாலும் 'விக்டோரியா மகாராணிக்கான விசுவாசத்தைத் துறக்கிறேன்' என்பதோடு சரி, சொந்த ஊர் இருக்காது. கப்பல் பட்டியலிலும் ஊரை எதிர்பார்க்காதீர்கள். பிரிட்டனை விட்டுப் போனவர்களின் பட்டியல்கள் 1890 முதல்தான் முறையாகக் கிடைக்கின்றன. வந்து இறங்கிய பக்கத்துப் பட்டியலில் வேல்ஸ்காரரை 'இங்கிலாந்து' என்று எழுதியிருப்பது சகஜம். குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட நியூயார்க் எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்று குடும்பத்தில் கதை ஓடினால் அதையும் ஒதுக்குங்கள். அந்தப் பட்டியல்கள் புறப்பட்ட துறைமுகத்திலேயே கப்பல் கம்பெனி எழுதியவை.

ஊர் கிடைக்கும் இடம் வேல்ஷ் மொழிப் பத்திரிகை. அமெரிக்காவில் வேல்ஷ் மொழியிலேயே 'அ ட்ரிஹ்' என்ற வாரப் பத்திரிகை 1851இல் நியூயார்க்கில் தொடங்கி, பிறகு யூட்டிகாவுக்கு மாறி நெடுங்காலம் வந்தது. கிறிஸ்தவச் சபைகளுக்கும் தனித்தனி மாத இதழ்கள் இருந்தன. ஆங்கிலப் பேப்பர் 'வேல்ஸில் பிறந்தவர்' என்று இரண்டு வரியில் முடித்த ஆளுக்கு, இவை பாரிஷ் (ஓர் ஆங்கிலிகன் ஆலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி), பண்ணை, சேப்பல், அப்பா பெயர் வரை சொல்லி இரங்கல் எழுதும். அந்த மொழி தெரியாதே என்று நான் ஒன்றரை வருடம் தொடாமலே இருந்தேன். என்னுடைய தவறுகளில் பெரியது இதுதான். 'கெனெடிகோல் ஓ' என்றால் 'இந்த ஊரில் பிறந்தவர்', 'பீ வாரு' என்றால் 'இறந்தார்', 'மாப்' மகன், 'மெர்ஹ்' மகள். பத்து வார்த்தை போதும்.

வெத்தெஸ்டா என்று ஓர் ஊர்

தாத்தாவின் கல்லறை வெர்மான்டில் இருக்கிறது. அக்கா வீட்டுக்காரர் போய்ப் படம் எடுத்து அனுப்பினார். 'எர் கோவ் அம்' (நினைவாக) என்று தொடங்கி, பெயருக்குக் கீழே 'ஓ வெத்தெஸ்டா' என்று இருந்தது. 'ஓ' என்றால் 'இருந்து'. அதற்கும் கீழே 'சர்' என்று ஒரு சொல். குடும்பத்தில் ஒரே சந்தோஷம், தாத்தாவுக்கு ஏதோ பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று. ஆங்கில 'சர்' போலவே எழுதினாலும் அது வேல்ஷில் 'சீர்', கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) என்று பொருள். கார்னார்வன் கவுன்டி என்றுதான் கல்லில் இருந்தது.

வெத்தெஸ்டா என்ற ஊரை வரைபடத்தில் ஒரு மாதம் தேடினேன். அப்படி ஓர் ஊரே கிடையாது. வேல்ஷில் முன்னால் வரும் சொல்லைப் பொறுத்து அடுத்த சொல்லின் முதல் எழுத்து மாறும். நமக்குச் சொல்லின் வால் மாறும், மரம் மரத்தில் ஆகும். அவர்களுக்குத் தலை மாறும். ஊர் பெத்தெஸ்டா. 'பெத்தெஸ்டாவிலிருந்து' என்றால் 'ஓ வெத்தெஸ்டா'. 'பெத்தெஸ்டாவில்' என்றால் 'அம் மெத்தெஸ்டா'. கார்டிஃபின் வேல்ஷ் பெயர் கைர்தீத்; 'கார்டிஃபில்' என்னும்போது அது 'அங் ஙைர்தீத்' ஆகிவிடும். நம் நெடுங்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும் ங அங்கே ஊர்ப் பெயரின் தலையில் வந்து நிற்கிறது! பழைய பேப்பர்களைக் கணினியில் தேடும்போது இந்த வடிவங்கள் எல்லாவற்றையும் போட்டுத் தேட வேண்டும். வேல்ஸ் தேசிய நூலகம் 1919 வரையிலான வேல்ஸ் பத்திரிகைகளை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் பெத்தெஸ்டா என்று மட்டும் தட்டினால் பாதி கண்ணில் படாது.

சரி, ஊர் கிடைத்தது. அதோடு முடிந்ததா? தமிழ் பைபிளில் பெதஸ்தா குளம் என்று வருகிறதே, அந்தப் பெயர்தான் இது. 1820இல் கட்டிய ஒரு சேப்பலுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள், சேப்பலைச் சுற்றி வளர்ந்த குவாரி ஊருக்கும் அதுவே பெயரானது. வேல்ஸில் கார்மேல், நெபோ, சாரோன் என்றெல்லாம் ஊர்கள் இப்படித்தான் வந்தன. ஆகவே 1790இல் பிறந்த ஒருவரைப் பெத்தெஸ்டாவில் தேடிப் பயனில்லை, ஊரே அப்போது இல்லை. பாரிஷ் பதிவேட்டுக்கு அது லான்லெஹிட். பெரிய பென்ரின் குவாரி இருப்பதோ பக்கத்து பாரிஷான லாண்டிகையில். பிறப்பு இறப்புப் பதிவுக்கு பாங்கர் வட்டம். கவுன்டி கார்னார்வன், 1974க்குப் பிறகு க்வினெத். ஒரே மண்ணுக்கு இத்தனை பெயர்கள். எந்த ஆவணத்தைத் திறக்கிறோமோ அதற்குரிய பெயரைப் போட்டால்தான் கதவு திறக்கும்.

எழுதியவர் ஆங்கிலேயர் என்றால் இன்னொரு சிக்கல். திருவல்லிக்கேணியை டிரிப்ளிக்கேன் ஆக்கிய அதே காதுதான் அங்கேயும் கேட்டு எழுதியிருக்கிறது. ல்லுவிட் என்ற பெயர் லாய்டு ஆனது, சில இடங்களில் ஃபிளாய்டும் ஆனது.

தேவாலயத்தில் இல்லை என்றால் எங்குமே இல்லை என்று விடுவது

லான்லெஹிட் ஆங்கிலிகன் பதிவேட்டில் தாத்தாவின் ஞானஸ்நானம் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வேல்ஸில் வழிபாட்டுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் மெதடிஸ்ட், இன்டிபென்டன்ட், பாப்டிஸ்ட் சேப்பல்காரர்கள். 1837 வரையிலான சேப்பல் பதிவேடுகளில் பலவற்றை அரசு வாங்கிவைத்தது. அவை லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பிந்தியவை அபெரிஸ்த்வித் தேசிய நூலகத்திலும் கவுன்டி ஆவணக் காப்பகங்களிலும் சிதறிக் கிடக்கின்றன, தொலைந்ததும் நிறைய. பாப்டிஸ்ட் குடும்பம் என்றால் குழந்தை ஞானஸ்நானமே கிடையாது, அதைத் தேடி மெனக்கெட வேண்டாம்.

கல்யாணம் மட்டும் விதிவிலக்கு. 1754 முதல் 1837 வரை குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் யூதர்களும் தவிர எல்லோரும் ஆங்கிலிகன் ஆலயத்தில்தான் மணமுடிக்க வேண்டும் என்று சட்டம். சேப்பலில் பாடிப் பிரசங்கம் கேட்டவர்களின் கல்யாணமும் பாரிஷ் ஆலயப் பதிவேட்டில்தான் இருக்கும்.

சில்லறைச் சறுக்கல்கள்

1841 சென்சஸில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். அதை வைத்துப் பிறந்த வருடம் கணக்குப் போடாதீர்கள். வேல்ஸின் எல்லையோரக் கவுன்டியான மான்மத்ஷயர்காரர்களைப் பழைய ஆவணங்கள் இங்கிலாந்துப் பட்டியலில் சேர்த்திருக்கும், அங்கேயும் பாருங்கள். இணையத்தில் யாரோ போட்ட வம்சவரைபடம் நேராக வேல்ஸின் பழங்கால இளவரசர் லெவெலினிடம் கொண்டுபோய் விட்டால், ரசித்துவிட்டு மூடிவிடுங்கள். ஜோன்ஸ் குலச்சின்னம் பொறித்த தட்டு வாங்காதீர்கள். சின்னம் ஆளுக்குக் கொடுப்பது, பெயருக்கு அல்ல.

இன்னொன்று, ஜான் ஜோன்ஸையே குறிவைத்துத் தேடாதீர்கள். கூடப் பிறந்தவர்களில் அபூர்வப் பெயர் யாருக்கு என்று பாருங்கள். எங்கள் தாத்தாவுக்கு லௌரி என்று ஒரு தங்கை. அமெரிக்க சென்சஸில் லாரா என்று ஏறியிருந்ததால் முதலில் தவறவிட்டேன். அவர் இறந்தபோது வந்த வேல்ஷ் இரங்கல் குறிப்பில் அப்பா பெயரும் லான்லெஹிட்டில் பிறந்த வீட்டின் பெயரும் இருந்தன. வீட்டின் பெயர் 'டீ நெவித்'. தமிழில் சொன்னால் புதுவீடு. 1840களின் தசமபாக வரி (ஆலயத்துக்குக் கொடுத்த பத்தில் ஒரு பங்கு) வரைபடங்கள் இணையத்தில் இருக்கின்றன. இப்போது அந்த பாரிஷின் தாளை விரித்து வைத்துக்கொண்டு, எத்தனை புதுவீடு என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.