ஹைக்கூ இயங்குதளம்: அமைப்புகளில் கைவைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2001-ல் ஓப்பன்பிஓஎஸ் என்று தொடங்கி 2004-ல் பெயர் மாறிய ஹைக்கூ, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கிவரும் சிறிய இயங்குதளம். இதில் அதிகம் தடுமாறுபவர்கள் லினக்ஸ் பழகிய கையோடு வருபவர்கள்தான். ஒரு ஃபைல் மாற மறுத்தால் உடனே பெர்மிஷன் (யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற அனுமதி) கோளாறு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஹைக்கூவில் ஒரு ஃபைலை மாற்ற முடியுமா என்பதைப் பெரும்பாலும் அது இருக்கும் இடமே தீர்மானிக்கிறது.

'பூட்' டிரைவுக்குள் இருக்கும் 'சிஸ்டம்' ஃபோல்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு ஃபைலை அழிக்கப் பார்த்தால், 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று டெர்மினல் மறுத்துவிடும். பெர்மிஷனை மாற்றும் சிமாட் கட்டளையில் 777 (எல்லோருக்கும் முழு அனுமதி) கொடுத்தாலும் அதே பதில்தான். காரணம், அங்கே தெரிபவை தனித்தனியாக டிஸ்க்கில் எழுதப்பட்ட ஃபைல்கள் அல்ல. 'பேக்கேஜஸ்' ஃபோல்டரில் இருக்கும் பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) பிரிக்காமலே, அவற்றின் உள்ளடக்கத்தை ஒரே மரமாக விரித்துக் காட்டுகிறது பேக்கேஜ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம். எனவே அங்கே பெர்மிஷனோடு மல்லுக்கட்டுவது வீண். எழுத இடம் தரும் ஃபோல்டர்கள் தனியே உண்டு: மாற்றங்களுக்கு 'செட்டிங்ஸ்', சொந்தமாகக் கம்பைல் செய்தவற்றுக்கு 'நான்-பேக்கேஜ்டு'. ஹோமுக்குள் இருக்கும் 'கான்ஃபிக்' ஃபோல்டரும் இதே கட்டமைப்புதான். உங்கள் ஸ்கிரிப்டை 'கான்ஃபிக்'கின் கீழுள்ள 'பின்'னில் போட முடியாது. 'நான்-பேக்கேஜ்டு' கீழுள்ள 'பின்'னில் போடலாம்.

அந்தச் சுதந்திரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. 'நான்-பேக்கேஜ்டு'க்குள் போட்ட லைப்ரரியோ டிரைவரோ சிஸ்டம் அப்டேட்டோடு சேர்ந்து புதுப்பிக்கப்படாது. பேக்கேஜில் புதிய பதிப்பு வந்த பிறகும் இந்தப் பழைய பிரதியே முந்திக்கொள்ளும். அப்டேட்டுக்குப் பிறகு ஏதாவது விசித்திரமாக நடந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அடுத்த தவறு இன்னும் பெரியது. சூடோ (நிர்வாகி அதிகாரம் தரும் லினக்ஸ் கட்டளை) கேட்கவில்லை, பாஸ்வேர்டு கேட்கவில்லை, ஆகவே சாதாரணப் பயனராகத்தான் இயங்குகிறோம் என்று நம்புவது. ஹைக்கூவில் நீங்கள் இயல்பாக நுழையும் பயனரின் எண் 0, அதாவது யூனிக்ஸ் உலகில் முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்கு உரியது. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு புரோகிராமும் அந்த முழு அதிகாரத்தோடுதான் ஓடுகிறது. சிஸ்டம் ஃபைல்களுக்காவது பேக்கேஜ்எஃப்எஸ் என்ற சுவர் உண்டு. உங்கள் ஹோம் ஃபோல்டருக்கு எதுவும் இல்லை. எங்கிருந்தோ இறக்கிய ஸ்கிரிப்டை வாசிக்காமல் ஓட்டாதீர்கள். ஹோமுக்கு பேக்கப் எடுப்பதைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

செட்டிங்ஸ் ஃபைல்கள் எல்லாம் டெக்ஸ்ட் என்று நினைத்துத் திறப்பவர்களும் உண்டு. சில டெக்ஸ்ட்தான். வேறு சில பைனரி வடிவில் சேமிக்கப்பட்ட பிமெசேஜ்கள் (ஹைக்கூ புரோகிராம்கள் பயன்படுத்தும் தகவல் பொட்டலங்கள்). எடிட்டரில் திறந்து சேமித்தால் கெட்டுப்போகும். அவற்றை வாசிக்க 'மெசேஜ்' என்ற கட்டளையே இருக்கிறது. டெக்ஸ்டாக இருந்தாலும், அந்த அப்ளிகேஷனை மூடிவிட்டுத் திருத்துங்கள். பல அப்ளிகேஷன்கள் மூடும்போது தங்கள் நினைவில் இருப்பதை மறுபடி எழுதிவிடும். உங்கள் திருத்தம் காணாமல் போகும்.

பேக்கப்பை ஃபேட்32 பென்டிரைவில் அப்படியே காப்பி செய்வதும் சரிவராது. ஹைக்கூவின் ஃபைல் சிஸ்டமான பிஎஃப்எஸ் ஒவ்வொரு ஃபைலோடும் ஆட்ரிபியூட்களை (கூடுதல் தகவல்களை) வைத்திருக்கிறது. ஃபைலின் வகையும், தொடர்பு விவரங்களுக்கான பீப்பிள் ஃபைல்களில் பெயர், தொலைபேசி எண்ணும்கூட அவற்றில்தான் இருக்கின்றன. ஃபேட்32-ல் அவை தங்காது. ஹைக்கூவிலேயே ஜிப் செய்து கொண்டுபோனால் தங்கும்.

வழக்கமான பெர்மிஷன் உண்மையிலேயே முக்கியமாகும் இடமும் ஒன்று உண்டு: வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச். பென்டிரைவிலிருந்து வந்த பிரைவேட் கீயை (நுழைவதற்கான ரகசியச் சாவி ஃபைலை) எல்லோராலும் படிக்க முடிகிறது என்றால் எஸ்எஸ்ஹெச் அதை ஏற்காது. ஹோமில் 'கான்ஃபிக்', அதற்குள் 'செட்டிங்ஸ்', அதற்குள் 'எஸ்எஸ்ஹெச்' ஃபோல்டரில் கீயை வைத்து, சிமாட் 600 (உங்களுக்கு மட்டும் படிக்க, எழுத அனுமதி) கொடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு சிஸ்டம் எழவில்லை என்றால் உடனே மறுபடி இன்ஸ்டால் செய்யாதீர்கள். பூட் ஆகத் தொடங்கும்போதே ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தால் பூட் லோடர் மெனு வரும். அதில் பயனர் ஆட்-ஆன்களை (நீங்கள் சேர்த்த துணை நிரல்களை) மட்டும் நிறுத்திவைத்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையென்றால், பேக்கேஜ்கள் மாறுவதற்கு முந்தைய நிலையைத் தேதி பார்த்துத் தேர்ந்தெடுத்து பூட் செய்யலாம்.