வெக்கையும் ஈரமும் உள்ள இடத்தில் பெர்கோலா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு வீட்டின் பின்புறத்தில் பெர்கோலா, அதாவது தூண்களின்மேல் சட்டங்களை வரிசையாக அடித்த திறந்த பந்தல், கட்டுகிற வேலை நடப்பதைப் பார்க்கப் போயிருந்தேன். என் வேலை இல்லை, தொழிலுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி எடுத்துச் செய்வது. நாலு குழி, நாலிலும் மரத்தூண் நட்டமாக நிற்கிறது, ரசமட்டம் வைத்துச் சரிபார்க்கிறார்கள், பக்கத்தில் கான்கிரீட் கலவை தயார். தூண் நல்ல தூண், செலவு செய்து வாங்கியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், கலவையை ஊற்றியும் இருக்கிறேன். கொஞ்சம் பொறு தம்பி என்று சொன்னேன், அவரும் நிறுத்தினார். ஆனால் எத்தனை குழிப் பக்கத்தில் போய் நிற்க முடியும்? அதனால்தான் எழுதுகிறேன்.

அளவெடுக்காமல் மரம் வாங்குவது, அனுமதி கேட்காமல் தொடங்குவது, நாலு பேரிடம் விலை விசாரிக்காமல் வேலையை ஒப்படைப்பது, இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்த இடத்தில் காலை வாரிவிடுகிற விஷயங்கள் மட்டும் இங்கே.

தூணைக் கான்கிரீட்டுக்குள் புதைப்பது

நிறையச் சொல்ல வேண்டியது இதைப் பற்றித்தான். கட்டி முடித்த பிறகு இந்தத் தவறு கண்ணில் படாது, கண்ணில் படும்போது நேரம் கடந்திருக்கும்.

நான் தனியாக எடுத்துச் செய்த முதல் பெர்கோலாவில் நான்கு தூண்களையும் இரண்டடி ஆழம் புதைத்தேன். சும்மா புதைக்கவில்லை. மண்ணுக்குள் போகிற பகுதிக்கு இரண்டு கோட் தார் பூசினேன், அடியில் ஜல்லி பரப்பினேன், அதன்மேல் தூணை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றினேன். ஆட்டிப் பார்த்தால் துளிகூட அசையவில்லை. பெருமையாக இருந்தது. அப்புறம் தூணைச் சுற்றித் தரைக்கு டைல்ஸ் பதித்தார்கள், அதன் விளிம்பு தூணோடு ஒட்டி உட்கார்ந்தது, பார்க்க அவ்வளவு சுத்தம்.

மூன்றாவது மழைக்காலம் முடிந்த கையோடு அந்த வீட்டிலிருந்து போன். ஒரு மூலை இறங்கின மாதிரி இருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் தூண் மேலே பளபளவென்று இருக்கிறது, பூசின எண்ணெய்கூட மங்கவில்லை. குனிந்து, டைல்ஸும் தூணும் சேருகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்தால் நுனியில் பழுப்பாக ஊறின அட்டை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது, காளான் வாடை. நாலில் மூன்று தூண் அப்படி. அந்த வீட்டம்மா திட்டவில்லை. “நீங்கதானே கட்டினீங்க?” என்று மட்டும் கேட்டார்.

நடந்தது இதுதான். மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், கான்கிரீட் அதோடு சேர்ந்து அசையாது. ஒரு கோடை போனாலே இரண்டுக்கும் நடுவில் தாள் நுழைகிற அளவுக்கு இடைவெளி விழுந்துவிடும். அடுத்த மழையில் தூண்மேல் வழிகிற தண்ணீரெல்லாம் அதற்குள்தான் இறங்கும், இறங்கினது வெளியே வர வழி கிடையாது. கான்கிரீட் கிண்ணமாகிவிடுகிறது, தூண் அந்தக் கிண்ணத்துக்குள் நிற்கிறது. அதிலும் தூணின் அடி வெட்டுமுகம் இருக்கிறதே, அது ஸ்ட்ராக்களைக் கட்டாகக் கட்டி நிறுத்தின மாதிரி, பக்கவாட்டு முகத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை இழுக்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதை அழுக வைக்கிற பூஞ்சை தலை தூக்காது. 30ஐ நெருங்கினால் விறுவிறுவென்று பரவும். ஆனால் அதற்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். ஆழத்தில் காற்று குறைவு, மேலே ஈரம் காய்ந்துவிடும், இரண்டும் தோதாகச் சேருவது தரைமட்டத்தை ஒட்டின ஒரு சாண் உயரத்தில். தூண் எப்போதும் அந்த இடத்தில் போவது இதனால்தான். காற்று வறண்ட இடமாக இருந்தால் மழை விட்டதும் மரம் உலர்ந்துவிடும், இந்தத் தவறு பல வருடம் வெளியே தெரியாமலே இருக்கலாம். ஈரக்காற்று உள்ள இடத்தில் உலர்வதற்கு அவகாசமே கிடைப்பதில்லை, வெப்பம் வேறு சேர்ந்து பூஞ்சையை வளர்த்துவிடும்.

நான் பூசின தார் என்ன ஆயிற்று? மேலே இடைவெளி வழியாகவும் வெடிப்பு வழியாகவும் மரத்துக்குள் போன தண்ணீரைப் பக்கவாட்டில் வெளியேறவிடாமல் அடைத்து வைத்தது. ஜல்லி? கான்கிரீட்டை உடைத்தபோது பார்த்தேன், சிமெண்ட் பால் இறங்கி ஜல்லி முழுக்க ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தது.

சரிசெய்ய என்ன பாடு என்றால், முதலில் மேலே உத்தரத்துக்கு ஜாக்கி கொடுத்து நிறுத்த வேண்டும், தூணைச் சுற்றி டைல்ஸைப் பெயர்க்க வேண்டும், பிரேக்கர் வைத்து அடிக் கான்கிரீட்டை உடைக்க வேண்டும். அந்த டைல்ஸின் அதே நிறம் மறுபடி கிடைக்காது, ஆக மொத்தத் தரையையும் மாற்ற வேண்டி வந்தது. தூண் வாங்கின செலவைவிட அதை வெளியே எடுத்த செலவு அதிகம். என் கைக்காசுதான். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் சரியான முறைக்கு அன்றைக்கு ஆகியிருக்கும் கூடுதல் செலவு நாலு இரும்புப் பிடியும் அரை நாள் வேலையும்தான்.

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில், “நாங்க மருந்து ஏத்தின மரம்தான் போடுறோம்.” நல்லதுதான். ஆனால் அழுகாமல் இருக்க ஏற்றுகிற அந்த மருந்து பெரும்பாலும் மரத்தின் வெளிப்பகுதியில்தான் நிற்கும், நடு வரைக்கும் இறங்குவதில்லை. உயரத்துக்காக அடியில் ஒரு துண்டு வெட்டினீர்களா, மருந்து ஏறாத பச்சை முகத்தைத் தண்ணீரில் நிறுத்துகிறீர்கள்.

சரியான முறை இது. குழியில் கான்கிரீட் மட்டும். அது முடிந்த தரைக்கு மேலே குறைந்தது 50 மில்லிமீட்டர் பீடமாக எழும்ப வேண்டும், மேல்பரப்பு நான்கு பக்கமும் லேசாகச் சரிய வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. ‘ப’ வடிவ இரும்புப் பிடியின் காலைக் கான்கிரீட்டில் பதித்து, பிடிக்குள் தூணை உட்கார வைத்து, குறுக்கே இரண்டு போல்ட். தூணின் அடிக்கும் பீடத்துக்கும் நடுவில் 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம், காற்று போக இடைவெளி வேண்டும். வெட்டுமுகத்தில் மருந்தும் மெழுகுப் பூச்சும் குடிக்கிற மட்டும் கொடுங்கள்.

இதில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பிடியில் நிற்கிற தூண் புதைத்த தூண் மாதிரி விறைப்பாக நிற்காது, கட்டமைப்பு முழுக்கப் பக்கவாட்டில் ஆடும். பலர் புதைப்பதற்கே இந்த ஆட்டம்தான் காரணம். அதற்குத் தீர்வு மேலே இருக்கிறது: தூணும் உத்தரமும் சேருகிற மூலைகளில், இரண்டு திசையிலும், 45 டிகிரியில் ஓரிரண்டு அடி நீளத் தாங்கு கட்டை. அந்தக் கட்டை அழகைக் கெடுக்கிறது என்று சொல்லி எடுக்கச் சொல்பவர்களிடம் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இரும்புத் தூண் என்றாலும் கதை இதேதான். குழாயைக் கான்கிரீட்டில் செருகி டைல்ஸை ஒட்டிப் பதித்தால் அதே தரைமட்டத்தில் துரு அரித்து ஓட்டை விழும். அடித்தகடு வைத்து பீடத்தின்மேல் போல்ட் போடுங்கள், குழாயின் மேல்வாயை மூடுங்கள், அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை விடுங்கள்.

கட்டச் சொல்கிறவர்களுக்கு ஒன்று. மேலே வரப்போகும் வேலைப்பாட்டுக்குப் பத்துப் படம் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள். தூணின் காலுக்கு ஒரு படம் வரைந்து தரச் சொல்லி ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள், கான்கிரீட் ஊற்றுகிற அன்றைக்கு வீட்டில் இருங்கள்.

மரத்தின் பெயரை மட்டும் கேட்டு வாங்குவது

தேக்கு என்றால் கரையான் அண்டாது என்று நம்பி வாங்குகிறார்கள். அண்டாதது வைரம் பாய்ந்த பகுதியை. பட்டையை ஒட்டி வெளுப்பாக ஓடுகிற வெள்ளை, எந்த மரத்தில் இருந்தாலும் சரி, கரையானுக்கும் பூஞ்சைக்கும் தீனிதான். சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், ஒரு முனையில் விரல் அகலத்துக்கு வெள்ளை ஓடினாலும் அதைத் தூணுக்கு எடுக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் மழை படாத முகத்துக்குத் திருப்பி வைத்து மருந்தடிக்கலாம், அதுவும் மேல் சட்டங்களில் மட்டும்.

ஈரம் காயாத மரமும் இதே கணக்கு. பூட்டின பிறகு சுருங்கி முறுக்கிக்கொண்டால் போல்ட் எல்லாம் தளர்ந்துவிடும். ஈரம் காட்டும் கருவி கையடக்கமாகக் கிடைக்கிறது, குத்திப் பார்த்து 18 சதவீதத்துக்கு மேல் காட்டினால் இன்னும் சில வாரம் நிழலில் அடுக்கி வையுங்கள்.

நிழல் எங்கே விழும் என்று கணக்குப் போடாமல் சட்டம் அடிப்பது

வெயிலுக்காகத்தான் பெர்கோலா போடுகிறோம், கடைசியில் உச்சி வெயில் அப்படியே மண்டையில் இறங்குகிறது. மிதமான குளிர் நாட்டுப் படத்தைப் பார்த்துச் சட்டங்களின் இடைவெளியை அப்படியே எடுப்பதால் வருவது இது. அங்கே நடுப்பகல் சூரியனும் சாய்வாக இருக்கும், பூமத்தியரேகைப் பக்கம் நேர் உச்சிக்கு வந்துவிடும்.

40 மில்லிமீட்டர் கனமும் 100 மில்லிமீட்டர் உயரமும் உள்ள சட்டங்களை 100 மில்லிமீட்டர் இடைவெளியில் செங்குத்தாக நிறுத்தினால், சூரியன் உச்சியில் இருக்கும்போது கிடைக்கிற நிழல், சட்டமும் இடைவெளியும் சேர்ந்த 140க்கு 40, அதாவது 29 சதவீதம்தான். அதே சட்டங்கள் வடக்கு தெற்காக ஓடினால், நேர் மேற்கில் இருக்கிற சூரியன் 45 டிகிரிக்குக் கீழே இறங்கினதும் சட்டங்களுக்கு நடுவே ஒரு கீற்று வெயில்கூட இறங்காது. இடைவெளியைப் பாதியாக்கினால் 60 டிகிரியிலேயே மறைந்துவிடும், உச்சி நிழலும் 44 சதவீதம் ஆகும். செங்குத்தாக நிறுத்தாமல் மேல் விளிம்பைக் கிழக்கே சாய்த்து, பரந்த முகம் மேற்கு வானத்தைப் பார்க்கும்படி வைத்தால் இன்னும் நல்லது, காலை வெயில் வரும், மதியத்துக்கு மேல் அடைபடும். கட்டுவதற்கு முன்னால் நாலு சட்டத்தை மட்டும் தற்காலிகமாக மேலே ஏற்றி மதியம் இரண்டு மணிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள்.

இன்னொன்று, பக்கங்களைத் தட்டி வைத்து அடைக்காதீர்கள். ஈரக்காற்றில் வியர்வை காய வேண்டுமென்றால் காற்று நகர வேண்டும், காற்று வராத நிழலில் உட்கார முடியாது.

வார்னிஷ்

வேண்டாம். வெயிலில் வெடித்து, வெடிப்பு வழியாகத் தண்ணீர் போய், அடியிலேயே அடைபட்டுக் கிடக்கும். ஊறிப் போகிற எண்ணெய், வருடத்துக்கு ஒரு தடவை.

பளபளக்கிற போல்ட்

கடையில் பளபளவென்று இருக்கிற சாதாரண துத்தநாக முலாம் போல்ட்டில் பூச்சு பெரும்பாலும் 10 மைக்ரானைச் சுற்றித்தான் இருக்கும். உருக்கின துத்தநாகத்தில் முக்கியெடுத்தது மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும், பூச்சு நாற்பது ஐம்பது மைக்ரானுக்கு மேல். மங்கலானதை எடுங்கள். செம்பு கலந்த மருந்து ஏற்றின மரம் என்றால் சாதாரண முலாமை அது வேகமாகத் தின்றுவிடும். கடல்காற்று படுகிற இடத்தில் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 304 அங்கே கறை படியும். முலாம் பூசின பிறகு வெல்டிங் வைத்தாலோ துளை போட்டாலோ அந்த இடம் வெறும் இரும்பு, துத்தநாகப் பூச்சு அடிக்காமல் விடாதீர்கள்.

பின்னால் கூரை போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பது

திறந்த சட்டங்களுக்குக் கணக்குப் போட்ட அடித்தளத்தின்மேல் இரண்டு வருடம் கழித்துப் பாலிகார்பனேட் தகடு ஏற்றுவார்கள். அன்றிலிருந்து அதைக் கூரையாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ அழுத்தம் தரும். அதே அளவு மேல்நோக்கி இழுத்தால் 3க்கு 4 மீட்டர் கூரையை அரை டன்னுக்கு மேல் தூக்கும். அதை இழுத்துப் பிடிக்க வேண்டியது அடித்தளத்தின் எடை. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஓரடி உள்ள குழியில் போட்ட கான்கிரீட் ஒவ்வொன்றும் 65 கிலோதான், நாலும் சேர்ந்து 260. என்றைக்காவது கூரை வரும் என்றால் முதல் நாளே 400க்கு 400, 600 மில்லிமீட்டர் ஆழம் தோண்டுங்கள், ஒவ்வொன்றும் 230 கிலோ வரும். புயல் வருகிற பகுதி என்றால் பொறியாளரிடம் கேட்காமல் ஏற்றவே வேண்டாம்.

தகட்டையும் இறுக்கித் திருகாதீர்கள். 3 மீட்டர் தகடு 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் நீளும், துளையைத் திருகைவிடப் பெரிதாகப் போட்டு ரப்பர் வாஷர் வையுங்கள்.

வீட்டுச் சுவரில் சாய்த்துக் கட்டுவது

முடிந்தவரை தனியாக நிறுத்துங்கள்.

கொடியை உடனே ஏற்றுவது

ஆசை புரிகிறது. ஆனால் அடர்ந்த கொடி மழை நாளில் நனைந்து பாரமாகும், அடியில் இருக்கிற மரத்தை வாரக்கணக்கில் உலரவிடாது. ஏற்றியே தீர வேண்டும் என்றால் சட்டங்களுக்கு ஒரு சாண் மேலே தனிக் கம்பி இழுத்து அதில் படரவிடுங்கள், செடியைத் தூணின் காலில் நடாமல் இரண்டடி தள்ளி நடுங்கள். மண்ணும் சருகும் பீடத்தின்மேல் சேர்ந்துகொண்டே இருக்கும், மழைக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு குச்சியை விட்டு அந்த ஓர் அங்குல இடைவெளியைச் சுத்தமாகத் தள்ளிவிடுங்கள்.